பெரிய திரையில் இல்லாத சேரி

ராயப்பன்பட்டியிலிருந்து சென்னைக்குப் பேருந்து ஏறிப்போய் 'பொன்னியின் செல்வன்' படத்தை ஐமேக்ஸ் திரையில் பார்த்தோம். டிக்கெட்டும் பேருந்துக் கட்டணமும் சேர்ந்தால் எங்கள் ஊரில் திராட்சை வெட்டப் போகும் ஒருவரின் சில நாள் கூலி. ஆனாலும் வருத்தமில்லை. கடலும் கப்பலும் குதிரைகளும் அவ்வளவு பெரிதாக வந்தபோது வாய் பிளந்துதான் உட்கார்ந்திருந்தோம். அந்த மகிழ்ச்சியை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை, தோழர்களே.

ஊர் திரும்பிய பிறகுதான் சிக்கல். கைப்பேசி முழுக்க 'ஆண்ட பரம்பரை' ஸ்டேட்டஸ்கள். ஒரே இராசராசனை ஒன்றுக்கு மேற்பட்ட சாதிகள் தங்கள் ஆள் என்கின்றன. படம் பார்த்த எங்கள் தெருப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணே, அப்போ நாம எங்க இருந்தோம்?"

பதில் தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலேயே இருக்கிறது. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களைச் சொல்லும் இராசராசனின் கல்வெட்டுகள் ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று பிரித்துப் பிரித்து எண்ணுகின்றன. இவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதியில் அச்சேறிவிட்டன. கல்கி இந்தத் தொடரை எழுதத் தொடங்கியது 1950இல்.

"அது புனைவு, வரலாறு அல்ல" என்பார்கள். சரி. கல்வெட்டில் இல்லாத நந்தினியைக் கற்பனையால் படைக்க முடிந்தது. நாம் கொண்டாடும் சுதந்திரம் அது. ஆனால் கல்வெட்டில் இருக்கும் தீண்டாச்சேரிக்கு அத்தனை பெரிய திரையில் ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை. இல்லாததைக் கற்பனை செய்யத் தெரிந்தவர்களுக்கு இருந்தது கண்ணில் படவில்லை என்றால், அதைக் கதையின் தேவை என்று மட்டும் எப்படி ஏற்பது? 2019இல் இராசராசன் ஆட்சியில் நிலம் யாரிடம் போனது என்று மேடையில் கேட்ட பா.இரஞ்சித் மீது வழக்கே பாய்ந்தது.

திரைக்குள் இடமில்லை என்பதோடு இது முடியவில்லை. இரண்டாம் பாகம் வருவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு, 2023 மார்ச் 30 அன்று, சென்னை ரோகிணி திரையரங்கில் டிக்கெட்டைக் கையில் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே தடுத்தார்கள். காணொளி பரவியது. குழந்தைகளின் வயதையும் படத்தின் தணிக்கைச் சான்றிதழையும் காரணம் காட்டியது நிர்வாகம். பிறகு அவர்களை உள்ளே விட்டார்கள். வாசலில் நின்ற அந்தச் சில நிமிடங்களை யார் திருப்பித் தருவது?

படத்தைப் புறக்கணியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. போய்ப் பாருங்கள், விசிலடியுங்கள். ஆனால் பிரமாண்டம் என்பது யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் அல்ல. 2024 ஆகஸ்ட் 15இல் வந்த 'தங்கலான்' கோலார் தங்கவயலில் மண் தோண்டிய நம் மக்களையே மாயமும் கனவும் நிறைந்த கதையின் நடுவில் நிறுத்தியது. அந்தப் படத்தில் குறைகள் இருக்கலாம், விவாதிப்போம். ஆனால் சேரியிலிருந்தும் அவ்வளவு பெரிய கனவு காண முடியும் என்பதற்கு அது சாட்சி.

எங்கள் தெருப் பையனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறோம். நாம் அங்கேதான் இருந்தோம். கோயில் சுவரில் அது எழுதியிருக்கிறது. அடுத்த முறை தஞ்சாவூர் போனால் கோபுரத்தோடு சேர்த்து அந்தச் சுவரையும் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வையுங்கள்.