தொட்டியின் அளவா, தண்ணீரின் அளவா?



வீட்டுச் சீமெந்துத் தொட்டியில் எலியொன்று செத்துக் கிடக்கிறது. எடுத்து எறிந்தாயிற்று. தண்ணீரின் நிறமோ, மணமோ, சுவையோ மாறவில்லை. "பெரிய தொட்டிதானே, குல்லதைனுக்கு மேலே இருக்கும்" என்று சொல்லிவிட்டு அதில் வுழூச் செய்யலாமா? அளந்து பாராமல் சொல்லாதீர்கள்.

நமது ஷாபிஈ மத்ஹபில், குல்லதைன் என்னும் இரண்டு குல்லத்துக்குக் குறைந்த தண்ணீரில் இப்படியான நஜீஸ் பட்டால், மாற்றம் தெரியாவிட்டாலும் அது நஜீஸாகிவிடும். இரண்டு குல்லத்து இருந்தால், நிறம், மணம், சுவை இவற்றில் ஒன்றாவது மாறினால்தான் நஜீஸ். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றேகால் முழம் என்பது கிதாபுகளில் உள்ள அளவு. அரபுக் கல்லூரியில் இதை மனனமாக ஒப்புவித்தோம். அளவு நாடாவோடு ஹவுழுக்குள் இறங்கியவர் எங்களில் ஒருவருமில்லை!

முழத்தை 48 சென்ரிமீற்றராகக் கொண்டால் ஒன்றேகால் முழம் 60. மூன்று பக்கமும் 60 என்றால் பெருக்கி வருவது 216,000 கன சென்ரிமீற்றர். ஆயிரம் கன சென்ரிமீற்றர் ஒரு லீற்றர்; ஆகவே 216 லீற்றர். முழத்தின் நீளத்தில் அபிப்பிராய பேதம் இருப்பதால் இதைக் கூட்டியும் குறைத்தும் சொல்வோர் உளர். நான் இதையே பிடிக்கிறேன்.

இனி உங்கள் தொட்டிக்கு வருவோம். வெளிச்சுவரை அளக்க வேண்டாம். கல்லும் பூச்சும் கணக்கில் சேர்ந்துவிடும். உட்புறம் நீளம் 110, அகலம் 50, உயரம் 80 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 440 லீற்றர். பலரும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். 440 என்பது தொட்டி கொள்ளும் அளவு. காலையில் பிள்ளைகள் குளித்து, உம்மா உடுப்புக் கழுவி மிஞ்சியது எவ்வளவு? ஒரு தடியை அடிவரை நிறுத்தி, நனைந்த இடத்தை அளவுங்கள். 35 என்றால் 110 × 50 × 35; அதாவது 192½ லீற்றர். போதாது. வுழூக் கூடாது.

முழுவதையும் இறைத்து ஊற்றவும் வேண்டியதில்லை. அடிப்பரப்பு 110 × 50, அதாவது 5,500. 216,000 ஐ அதனால் பிரித்தால் 39 சொச்சம். எலியை அகற்றிய பின் குழாயைத் திறந்து 40 சென்ரிமீற்றர் வரை நிரப்புங்கள். மாற்றம் எதுவும் இல்லையென்றால் அந்தத் தண்ணீர் சுத்தமாகிவிடும். ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீர்தான் வித்தியாசம்!

தொட்டிக்குள் படி கட்டியிருந்தால், தண்ணீருக்குள் அது பிடிக்கும் இடத்தையும் கழிக்க வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியில் அச்சிட்டிருக்கும் லீற்றர்க் கணக்கும் கொள்ளளவுதான்.

அடுத்த முறை தொட்டியைக் கழுவும்போது உங்கள் அடிப்பரப்புக்கு வரும் உயரத்தைக் கணக்கிட்டு, உட்சுவரில் மேசனைக் கொண்டு ஒரு கோடு கீறிவிடுங்கள்.