பாடாத குரலுக்கும் ஐந்து கோடு வேண்டும்



ஆலயப் பாடகர் குழுவை நடத்தும் பழைய மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், லிலிபாண்டில் நாலு குரலுக்கும் பாட்டு எழுதினேன். முதல் வரியில் நாலு ஸ்டாஃபும் இருக்கு. இரண்டாம் வரியில் ஆல்டோவைக் காணோம். சாஃப்ட்வேர் கோளாறா?"

கோளாறு இல்லை. லிலிபாண்ட் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: சுரங்களை எழுத்துகளாகத் தட்டச்சு செய்தால், மேற்கத்திய முறையில் ஐந்து கோடுகள் போட்டு அச்சுக்குத் தயாராக்கித் தரும் இலவச மென்பொருள் அது. 1996இல் ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நியூவென்ஹாய்சன் என்ற இருவர் தொடங்கியது.

அது தானாக எந்த ஸ்டாஃபையும் மறைப்பதில்லை. கோப்பில் 'ரிமூவ் எம்ப்டி ஸ்டேவ்ஸ்' போன்ற கட்டளை இருந்தால்தான் மறைக்கும். அடுத்தவர் கோப்பை நகலெடுத்தால் இதுவும் கூடவே வந்துவிடும். ஒரு வரி முழுக்க ஒரு குரலுக்கு ஓய்வு மட்டும் இருந்தால், அந்த வரியில் அதன் ஸ்டாஃப் போய்விடும். முதல் வரியைத் தொடாது. 'ரிமூவ் ஆல் எம்ப்டி ஸ்டேவ்ஸ்' என்று எழுதினால் முதல் வரியையும் விடாது.

வேறு விதமாகவும் காணாமல் போகும். சுரங்கள் இருந்து கோடுகள் மட்டும் இல்லையென்றால், 'ஸ்டாப் ஸ்டாஃப்' போட்ட பிறகு 'ஸ்டார்ட் ஸ்டாஃப்' விட்டுப்போயிருக்கும். ஒரு குரல் பாடி முடித்த பிறகே அடுத்த குரல் தொடங்கினால், எல்லாவற்றையும் இரட்டைக் கோண அடைப்புக்குள் வைக்கவில்லை என்று அர்த்தம்.

இனி என் கருத்து. இருபது, முப்பது ஸ்டாஃப் உள்ள ஆர்கெஸ்ட்ராவில் வெற்று ஸ்டாஃபை மறைப்பது நியாயம். பக்கம் குறையும், நடத்துநர் கண்ணுக்கும் நல்லது. நாலு குரல் பாட்டில் அது வேண்டாம். மேலிருந்து இரண்டாவது ஸ்டாஃப் தன்னுடையது என்று பழகியவள், ஆல்டோ மறைந்த வரியில் டெனாரைப் பார்த்துப் பாடத் தொடங்குவாள். எத்தனை பார் காத்திருக்க வேண்டும் என்று எண்ண அவளுக்கு ஓய்வுக்குறியும் இராது. ஒரு தாள் மிச்சம். ஆராதனையில் குழு தடுமாறும்.

ஆகவே பாடுவோர் பிரதியில் அந்தக் கட்டளையை எடுத்துவிடுங்கள். மறைத்தே தீர வேண்டுமென்றால், ஒவ்வொரு வரியின் இடப்பக்கமும் குரலின் சுருக்கப் பெயரையாவது அச்சிடுங்கள்.

வாய் திறக்காமல் எண்ணிக்கொண்டு நிற்பதும் பாட்டில் சேர்த்திதான், பிள்ளைகளே. அதற்கும் தாளில் இடம் கொடுங்கள்.