ஆபீஸ் போக நான்கு சக்கர இழுவையா?

நம் சங்கத்து இளைஞர்கள் சிலருக்கு இப்போது மஹிந்திரா 'தார்' மோகம். வாங்கட்டும். ஆனால் தினம் நொய்டா போய்வர நான்கு சக்கர இழுவை எதற்கு? பழைய ரயில்வேக்காரன் சொல்கிறேன், கேளுங்கள். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அந்த லீவரைப் போட்டால் இரண்டு அச்சும் பூட்டிக்கொள்ளும், காய்ந்த தார் ரோட்டில் (பெயர்ப் பொருத்தம்!) கியர்கள் முறுக்கிக்கொள்ளும், டயர் தேயும். ஊருக்குள் போடவே கூடாத லீவருக்கா இத்தனை பணம்?

1.5 லிட்டர் டீசல் பின்சக்கர இழுவை ரகம் 2023-இலேயே வந்துவிட்டது. 2025 செப்டம்பர் முதல் அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; 2.2 லிட்டர் டீசல் நான்கு சக்கர ரகத்துக்கு 40. பனியில் மணாலிக்கு மேலே அடிக்கடி போகிறவர் தாராளமாக அதை வாங்கலாம்.

இன்னொன்று: மூன்று கதவு வண்டியில் முன்சீட்டை மடக்கித்தான் பின்னால் ஏற வேண்டும். வாங்குமுன், முழங்கால் வலிக்கார அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப்போய் ஒருமுறை ஏறச் சொல்லுங்கள்.