ஏர் ஃபில்டரை நீங்களே மாத்துங்க, பிரேக்ல மட்டும் கை வைக்காதீங்க

முதல் கார் வாங்கும்போது இஎம்ஐ, இன்ஷூரன்ஸ், பெட்ரோல் மூணுக்கும் கணக்குப் போட்டிருப்பீங்க. சர்வீஸ் செலவை மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்"னு விட்டிருப்பீங்க. ஆல்டோ, வேகன்-ஆர் மாதிரி சின்ன வண்டிதானேன்னு நினைப்போம். ஆனா அந்த பில் வர்ற மாசம் பட்ஜெட்டே ஆட்டம் கண்டுடும்.

என்னோட கருத்து இதுதான்: நாலு சின்ன வேலையை நீங்களே செய்யக் கத்துக்கோங்க.

ஏர் ஃபில்டர்: பானெட்டைத் திறந்தா ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பாக்குள்ள இருக்கும். சில கிளிப் அல்லது ஸ்க்ரூ கழட்டினா போதும்.

ஏசி ஃபில்டர்: நிறைய மாடல்ல கிளவ் பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கும்.

வைப்பர் பிளேடு: டிரைவர் பக்கமும் இந்தப் பக்கமும் அளவு வேற வேறயா இருக்கலாம். பார்த்து வாங்குங்க.

டயர் பிரஷர்: எவ்வளவு வேணும்னு டிரைவர் கதவுப் பக்கம் ஸ்டிக்கர்லயோ மேனுவல்லயோ இருக்கும். டயர் சூடாகறதுக்கு முன்னாடி பாருங்க. காத்து குறைஞ்சா மைலேஜும் குறையும், டயர் ஓரமும் தேயும்.

இதுல எவ்வளவு மிச்சமாகும்? ஒரு உதாரணத்துக்கு, இந்த வேலைகளுக்கு வருஷத்துக்கு லேபர் 600 ரூபாய்னு வெச்சுக்குவோம். 18% ஜிஎஸ்டி சேர்த்து 708 ரூபாய். அவ்வளவுதான்! இதுக்காக 5,000 ரூபாய்க்கு டூல் கிட் வாங்கினா, போட்ட காசை எடுக்கவே ஏழு வருஷம் ஆகும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரும் பிரஷர் கேஜும் போதும்.

அப்போ ஏன் கத்துக்கணும்? உண்மையான லாபம் பில்லுல இருக்கு. போன மாசம் நீங்களே மாத்தின ஃபில்டரை "போயிடுச்சு சார், மாத்தணும்"னு யாரும் சொல்ல முடியாது. இன்டீரியர் கிளீனிங், ஏசி ட்ரீட்மென்ட், எஞ்சின் கோட்டிங்னு பில்லுல சேரும்போது, மேனுவல்ல இருக்கிற சர்வீஸ் அட்டவணையைத் திறந்து பாருங்க. எத்தனை கிலோமீட்டருக்கு, எத்தனை மாசத்துக்கு என்ன செய்யணும்னு அதுல இருக்கு. அதுல இல்லாததுக்கு "இது ஏன் தேவை?"ன்னு தைரியமா கேளுங்க. மாத்தின பழைய பார்ட்டையும் காட்டச் சொல்லுங்க.

ஆனா ஒரு கோடு போட்டுக்கணும். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் இந்த மூணையும் வீடியோ பார்த்து செய்யாதீங்க. பிரேக் பேட் மாத்தற கூலியில சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கலாம். தப்பா மாட்டினா போறது உங்க உயிரும் ரோட்டுல நடக்கறவங்க உயிரும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில படுக்காதீங்க. எஞ்சின் சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. வாரன்டி இருக்கிற வரைக்கும் அட்டவணைப்படி சர்வீஸ் செய்து எல்லா பில்லையும் பத்திரமா வைங்க.

இன்னொண்ணு: செலவைக் குறைக்கறது வேற, தள்ளிப்போடறது வேற. ஆயில் மாத்த வேண்டிய நேரம் தாண்டியும் மாத்தாம ஓட்டறது சேமிப்பு இல்ல, எஞ்சின்கிட்ட வாங்கற கடன். அதுக்கு வட்டி ரொம்ப அதிகம்.

இந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு வேலை பண்ணுங்க. மேனுவல்ல சர்வீஸ் அட்டவணைப் பக்கத்தை போன்ல படம் எடுத்துக்கோங்க. போன வருஷ சர்வீஸ் செலவை 12-ஆல வகுத்து, அந்தத் தொகையை சம்பளம் வந்த அன்னைக்கே ஆர்டி-ல போடுங்க. அடுத்த பில் வரும்போது கிரெடிட் கார்டைத் தேட வேண்டியிருக்காது.