ஊர் மாறுவது உசிதமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பிரதேசங்களில் வசிக்கும் கணினி உத்தியோகஸ்தர்களில் சிலர், வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி பெற்று, தென்காசி போன்ற சிறு நகரங்களுக்குக் குடிபோக யோசிக்கிறார்கள். வாடகைப் பளுவும் பிரயாண அலுப்பும் குறையுமென்பதில் ஐயமில்லை. 1964-இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை ஏற்பட்டபோது, யந்திரம் உள்ள இடத்தைத் தேடித் தொழிலாளி வந்தான். சில உத்தியோகங்களுக்கேனும் அந்த நிர்ப்பந்தமில்லையென்பதை 2020-ஆம் வருஷத்து ஊரடங்கு காட்டிவிட்டது.

ஆனால் அனுமதி வேறு, பாத்தியதை வேறு. மேலதிகாரி வாய்மொழியாகத் தந்தது ஒரே கடிதத்தில் ரத்தாகலாம். அப்பொழுது வீட்டையும் விட்டு, குழந்தைகளின் பள்ளியையும் மாற்றியவன் கதி என்ன? எழுத்து மூலம் உறுதி பெறாதவன் வீட்டைக் காலி செய்யலாகாது என்பதே நமது அபிப்பிராயம்.

இதிலும் மேலான வழியொன்றுண்டு. ஸ்ரீ ஸ்ரீதர் வேம்பு 2019-இல் தென்காசியருகே மத்தளம்பாறையில் குடியேறினார். அதற்கு முன்னரே, 2011-இல், அவருடைய ஜோஹோ கம்பெனி தென்காசியில் காரியாலயம் திறந்துவிட்டது. சம்பளக்காரன் மட்டும் வந்தால் ஊரில் வாடகைதான் ஏறும். வேலையே வந்தால் உள்ளூர் வாலிபனுக்கும் பிழைப்புண்டு. ஏனைய முதலாளிகளும் சர்க்காரும் இதைக் கவனிப்பார்களாக!