"மனசு சரியில்லாதவங்க மாத்திரையாமே?"

சிதம்பரத்தில் இருக்கும் என் பெரிய நாத்தனாருக்கு 52 வயது. மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆகி, டாமோக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார். மாதவிலக்கு நின்று மூன்று வருஷமாகிறது. மார்கழிப் பனியில்கூட ராத்திரி இரண்டு மணிக்கு முகம், கழுத்தெல்லாம் தீயாய் எரிய, ரவிக்கை தொப்பலாக நனைந்து எழுந்து உட்கார்ந்து விடுவார். "உடம்பு சூடு, வெந்தயம் ஊற வெச்சு சாப்பிடுங்க" என்று ஆளாளுக்குச் சொன்னோம். நானும்தான்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாக ஹார்மோன் மாத்திரை தருவதில்லை. அதனால் டாக்டர் வென்லாஃபாக்சின் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதித் தந்தார். இரண்டே வாரத்தில் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. அந்த நேரம் பார்த்து மருந்துக் கடைக்காரர், "இது மனசு சரியில்லாதவங்களுக்குத் தர்றதாச்சே!" என்று சத்தமாகக் கேட்க, பக்கத்தில் நின்ற உறவுக்காரப் பெண்மணியின் காதில் விழ, தெரு பூராவும் பரவிவிட்டது. நாத்தனார் அவமானம் தாங்காமல் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிட்டார். இரண்டாம் நாளே தலைசுற்றல், வாந்தி. கடலூரிலிருந்து அலறியடித்து பஸ் பிடித்து ஓடினேன்.

டாக்டர் அன்றுதான் விளக்கினார். மன அழுத்தத்துக்குத் தரும் மருந்துதானாம். ஆனால் உடம்புச் சூட்டைச் சீராக வைக்கும் மூளைப் பகுதியிலும் அது வேலை செய்கிறதாம். நிறுத்துவதானால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டுமாம். இந்த இரண்டு வார்த்தையை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?

இந்த எரிச்சலுக்கென்றே 2013-ல் அமெரிக்காவில் பராக்ஸெடின் மாத்திரையை அனுமதித்தார்கள். ஆனால் அது டாமோக்ஸிஃபெனின் பலனைக் குறைத்துவிடுமாம். 2023-ல் அங்கே அனுமதி பெற்ற ஃபெசோலினெடான்ட் ஹார்மோனும் இல்லை, மனநோய் மருந்தும் இல்லை. ஆனால் அதைச் சாப்பிடுகிறவர்கள் கல்லீரலை அடிக்கடி சோதித்துக்கொள்ள வேண்டும். ஆகவே சகோதரிகளே, ஒருத்திக்கு ஒத்துக்கொண்டதை இன்னொருத்தி கடையில் கேட்டு வாங்காதீர்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் டாக்டரிடம் காட்டுங்கள். (மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்டுங்கள். அதைச் சூடு என்று விட்டுவிடக் கூடாது.)

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சீட்டைப் பார்த்து மருந்தைக் கொடுங்கள், வியாதியை ஊருக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

நாத்தனார் இப்போது மறுபடி மாத்திரை சாப்பிடுகிறார், ராத்திரி தூங்குகிறார். ஆனால் டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறார். "வெளியில வெச்சாத்தான் என்ன?" என்றேன். "உனக்கென்னம்மா, கடலூர்ல இருக்கே. இந்தத் தெருவுல இருந்து பாரு" என்கிறார்.

— ஒரு வாசகி, கடலூர்