தீப்பெட்டிப் படம் நிஜமா, நகலா?



தபால்தலை, நாணயம் சேர்ப்பது போலவே, தீப்பெட்டிப் படம் சேர்ப்பதும் அருமையான பொழுதுபோக்கு. சேவல், அணில், கப்பல், சிறுத்தை என உள்ளங்கைக்குள் எத்தனை படங்கள்! அபிராமத்தில் நான் படித்த நாளில், 'ரெண்டு அணிலுக்கு ஒரு சேவல்' என்று மாற்றிக்கொள்வோம். அப்போது அதற்குக் காசு கிடையாது. இப்போதோ, பழைய படங்களை விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறார்கள். காசு வந்தால், பின்னாலேயே போலியும் வந்துவிடுமே! புதிதாக அச்சடித்து, டீத்தண்ணீரில் நனைத்துக் காய வைத்து, 'தாத்தா காலத்துப் படம்' என்று ஒருவர் நீட்டினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கொஞ்சம் வரலாறு. ஒரு காலத்தில் நமக்குத் தீப்பெட்டி சுவீடனில் இருந்தும், ஜப்பானில் இருந்தும் கப்பலில் வந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும், சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தா சென்று தொழில் கற்றனர். 1923ல் ஊர் திரும்பித் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். பெட்டியில் ஒட்டப் படம் வேண்டுமே! அதனால் அச்சுத் தொழிலும் அங்கே வளர்ந்தது.

சாத்தூர், கோவில்பட்டி, குடியாத்தம் என்று பல ஊர்களிலும் தீப்பெட்டி செய்தார்கள். ஒருவர் படம் பிரபலமானால், அதே சாயலில் இன்னொருவரும் படம் போடுவார். எனவே, ஒரே மாதிரி இரண்டு படங்களைக் கண்டதும், ஒன்று போலி என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டுமே அந்தக் காலத்தில் கடைக்கு வந்தவையாக இருக்கலாம். இன்று அச்சடித்துவிட்டு, அன்றையது என்று சொல்வதுதான் நாம் தேடும் போலி.

இனி, துப்பறிவோமா?

முகவரியைப் படியுங்கள். சிவகாசி, 1985 மார்ச் வரை நம் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. விருதுநகர் மாவட்டம் என்று இருந்தால், அந்தப் படம் அதற்குப் பிறகு வந்தது. பின்கோடு இருந்தால், 1972 ஆகஸ்ட் 15க்கு முந்தையது அல்ல.

விலை போட்டிருக்கிறதா? அணா என்றால், பெரும்பாலும் 1957க்கு முன். நயா பைசா என்றால், 1957 முதல் 1964 வரை.

எழுத்தைப் பாருங்கள். 'னை', 'லை' எழுத்துகள் யானைத் தும்பிக்கை போல வளைந்திருந்தால், அது பழைய முறை. 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதன்பின் தும்பிக்கை மெல்ல மெல்ல மறைந்தது.

ஆனால், இங்கே ஒரு தந்திரம் இருக்கிறது. நகல் எடுப்பவர் அணாவையும் தும்பிக்கையையும் சேர்த்தே நகல் எடுப்பார்! எழுத்து, மூலப் படத்தின் வயதைத்தான் சொல்லும். உங்கள் கையில் இருக்கும் தாளின் வயதை, தாளிடமும் மையிடமும்தான் கேட்க வேண்டும்.

பூதக்கண்ணாடி வழியே எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். பழைய லித்தோ அச்சில் எழுத்து ஒரே மையில், கரை தெளிவாக இருக்கும். கம்ப்யூட்டர் பிரிண்டர் நகலில், எழுத்துகூட நுண்ணிய புள்ளிகளாகச் சிதறித் தெரியும். காகிதம் தானாகப் பழுத்தால், காற்றுபட்ட ஓரங்களில் நிறம் கூடும், நடுவில் குறையும். டீத்தண்ணீர் எல்லா இடத்திலும் ஏறிவிடும். கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கில், பெரியவர் ஒருவரை வைத்துப் பாருங்கள். காகிதத்தைப் பளிச்சிட வைக்கும் ரசாயனம் ஏறக்குறைய 1950களில்தான் பரவியது. '1930ம் வருடப் படம்' நீல வெள்ளையாக ஒளிர்ந்தால், சந்தேகப்படுங்கள்!

பின்பக்கத்தில் பசைத் தடம் இருப்பது நல்ல அடையாளம். இல்லை என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். பெட்டியில் ஒட்டாமலே மிஞ்சிய படங்களும் உண்டு. ஒரு தடயத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அமெரிக்காவில் 1909 வாக்கில் சிகரெட் பெட்டியோடு வந்தது, ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை. அதில் ஒரு பிரதி, உலகிலேயே மிக அழகாக இருப்பது என்று பல லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதன் ஓரங்களை வெட்டி அழகாக்கியதை, முன்பு அதை விற்றவர் 2013ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அட்டை நிஜம்; மறைத்த செய்தி பொய்!

செல்வங்களே, நகலைச் சேர்ப்பது தவறே இல்லை. நகலை, 'நகல்' என்று சொல்லிக் கொடுங்கள். வயது தெரியாவிட்டால், 'தெரியாது' என்று சொல்லுங்கள். எங்கே, யாரிடம், எப்போது கிடைத்தது என்று ஒவ்வொரு படத்தின் கீழும் நோட்டில் எழுதி வையுங்கள். உங்களை நம்பி மாற்றிக்கொள்ளும் நண்பனைவிட, எந்தச் சேவல் படமும் பெரிதல்ல.

காலிப் பெட்டியை மட்டும் எடுங்கள். குச்சி உள்ள பெட்டியைத் தொட வேண்டாம். இந்த விடுமுறையில், பாட்டி வீட்டுப் பரணில் தேடிப் பார்ப்பீர்கள்தானே!